எம்.பி. நினைத்தால் ரோட்டுப் போட்டுவிடலாமா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் இது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"ஐயா, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு மூன்று கிலோமீட்டர். மழை பெய்தால் ஆட்டோ ஏறாது. ஏறினாலும் ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்குக் கம்பளியில் வைத்துத்தான் பாலத்தடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் எம்.பி.யிடம் ரோட்டுக்காக மனுக் கொடுத்தோம். 'பாராளுமன்றத்தில் பேசிவிட்டேன்' என்று வீடியோ அனுப்பினார். அது நடந்து எட்டு மாதம், ஒரு கூடை ஜல்லி கூட விழவில்லை. எம்.பி. நினைத்தால் ஒரே நாளில் முடியும், மனசுதான் இல்லை என்கிறார் அப்பா. பாராளுமன்றமே சும்மா பேச்சு மடம் என்கிறான் தம்பி. உண்மையில் அங்கே யாருக்கு என்ன அதிகாரம்? அங்கே பேசினால் என்னதான் நடக்கும்?"

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி ஓடுகிறது. எம்.பி. உங்கள் தோட்டத்தின் பெயரை ஒரேயொரு முறை சொல்கிறார். 'இந்த மக்களின் கஷ்டத்தை அரசாங்கம் கவனத்தில் எடுக்க வேண்டும்' என்று முடிக்கிறார். எந்த அமைச்சர் என்று சொல்லவில்லை. அந்தப் பாதை யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்றும் கேட்கவில்லை. கேள்வியே கேட்காத இடத்தில் பதில் எங்கிருந்து வரும்? எட்டு மாதமாக ஒன்றும் நடக்காததற்குப் பாதிக் காரணம் அந்த வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது.

அப்பா சொல்வதும் தம்பி சொல்வதும் பிழை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் வீட்டில் சண்டை முடியாமல் இருக்கிறது போல.

அப்பாவின் கதையிலிருந்து தொடங்குவோம். அவருடைய இளமைக் காலத்தில் எம்.பி.மாருக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஒரு தொகை ஒதுக்குவார்கள். அதிலிருந்து கோயிலுக்குத் தகரம், வாசிகசாலைக்கு மேசை, இளைஞர் கழகத்துக்குக் கிரிக்கெட் மட்டை என்று வந்து சேரும். அந்தப் பழக்கத்தில்தான் எம்.பி. என்றால் பையில் பணத்தோடு வருகிறவர் என்று நம் ஆட்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அரசியலமைப்பு சொல்வது வேறு. 148ஆம் உறுப்புரையின்படி நாட்டின் பொது நிதி முழுவதும் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில். வரியும் மற்ற வருமானமும் சேரும் பெட்டிக்குத் திரட்டு நிதியம் என்று பெயர். சட்டம் இடம்கொடுக்காமல் அதிலிருந்து ஒரு சதமும் எடுக்க முடியாது. இவ்வளவு அதிகாரமும் சபைக்கு. தனி உறுப்பினருக்கு? 152ஆம் உறுப்புரையைப் பாருங்கள்: அரச பணத்தைச் செலவழிக்கும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ ஓர் அமைச்சர்தான் கொண்டுவரலாம், அதுவும் அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு. ஆகவே உங்கள் எம்.பி. ஆளும் கட்சியின் பின்வரிசையில் இருந்தாலும் சரி, எதிர்க்கட்சியில் இருந்தாலும் சரி, 'இந்த மூன்று கிலோமீட்டருக்கு இத்தனை கோடி ஒதுக்கு' என்று ஒரு பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்ற வழியே கிடையாது. அவர் கேட்கலாம், நெருக்கலாம், வெட்கப்பட வைக்கலாம். ரோட்டுப் போட முடியாது.

பணம் எப்போது பிரிக்கப்படுகிறது என்பது தெரிந்தால் எப்போது நெருக்குவது என்பதும் தெரியும். வழக்கமாக நவம்பரில் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்ட உரையை வாசிப்பார். அதற்குச் சட்ட வடிவம் ஒதுக்கீட்டுச் சட்டமூலம். முதலில் இரண்டாம் வாசிப்பு மீதான விவாதம், வாக்கெடுப்பு. அப்புறம் குழுநிலை விவாதம்: அமைச்சு அமைச்சாக எடுத்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். டிசம்பரில் முடியும். டிவியில் காட்டுவது முதல் நாள் உரையைத்தான். நமக்குத் தேவையானது குழுநிலையில் பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்பு அமைச்சின் செலவினம் எடுக்கப்படும் அந்த ஒரு நாள். நீங்கள் மனுக் கொடுத்தது பெப்ரவரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டின் பணம் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே பிரிக்கப்பட்டாயிற்று.

இதையே சம்பள விஷயத்தில் வைத்துப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாயிலிருந்து 1550 ஆகும், வேலைக்கு வரும் நாளுக்கு மேலும் 200 ரூபாயை அரசாங்கமே கொடுக்கும், எல்லாம் சேர்த்து 1750 என்று முன்மொழிந்தார்கள். அந்த 1550 கம்பனிகளின் பெட்டியிலிருந்து வரவேண்டிய காசு. அதற்குச் சம்பள நிர்ணய சபை, பேச்சுவார்த்தை, வர்த்தமானி என்று தனி வழி இருக்கிறது. 200 வருவது திரட்டு நிதியத்திலிருந்து. அதற்குத்தான் பாராளுமன்றம் கை உயர்த்த வேண்டும். மேடையில் ஒரே எண்ணாக 1750 என்று கேட்டோம். பின்னால் இரண்டு பெட்டி, இரண்டு சாவி.

சரி, இனி உங்கள் ரோட்டுக்கு வருவோம். அது இத்தனை காலம் மண்ணாகவே கிடந்ததற்கு ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு. இதை நம் இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைத் தாராளமாகச் செலவிட விடவில்லை. தோட்டம் நிர்வாகத்தின் கையில் உள்ள காணி, சபைக்கு அங்கே வேலை இல்லை என்ற கணக்கு. நம் ஆட்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தார்கள், சபைக்கு உறுப்பினராகவும் போனார்கள். ஆனால் தங்களுக்கு வாக்குப் போட்ட லயத்துக்கு ஒரு மதகு கட்டிக் கொடுக்க அவர்களுக்குக் கை கட்டு. கணக்காய்வு வந்து 'இந்தச் செலவு எந்தச் சட்டத்தில்?' என்று கேட்டால் பதில் இல்லை. நான் சட்டத்தரணியாகத் தொடங்கிய காலத்தில் சபை உறுப்பினர் ஒருவர் என் மேசையில் ஒரு கோவையைப் போட்டுவிட்டு, "ஐயா, நான் ஜெயிச்சது என் வீட்டு வாசல் வரைக்கும் இல்லையாம்" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

2018இல் பாராளுமன்றம் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்பிறகுதான் தோட்டப் பகுதிக்கும் பிரதேச சபை செலவிட வழி திறந்தது. முப்பத்தொரு ஆண்டு. அதற்காக யாரும் உண்ணாவிரதம் இருந்தோ ஊர்வலம் போயோ நான் பார்த்ததில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு மாற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 'அங்கே பேசினால் என்ன நடக்கும்' என்று கேட்டீர்களே, சரியான பிரிவைப் பிடித்துக்கொண்டு பேசினால் இது நடக்கும். அதே 2018இல் நடந்த தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளை உடைத்து ஆறாக்கியதும் இதோடு சேர்ந்த கதை. அப்புறம் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினர்களே இல்லாமல் போனது நம் தலையெழுத்து. இப்போது சபை இருக்கிறது, சட்டமும் இடம்கொடுக்கிறது. உங்கள் மனு ஏன் கொழும்புக்குப் போனது, கீழே உள்ள பிரதேச சபைக்கு ஏன் போகவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தம்பிக்கு ஒரு வார்த்தை. பேச்சு மடம் என்று சொல்ல உலகத்தில் யாருக்கும் உரிமை இருக்கலாம், மலையகத்தில் பிறந்தவனுக்கு இல்லை. 1947 தேர்தலில் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் சபைக்குப் போனார். மறு ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து, பிரஜையாக இல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டது. 1952 தேர்தலில் நம் மக்கள் வாக்குச் சாவடிப் பக்கமே போக முடியவில்லை. சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டம் இயற்றக்கூடாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் இருந்தது. கோடக்கன் பிள்ளை வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயும், 1953இல் அந்தச் சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. கை உயர்த்தி எண்ணியே ஒரு சமூகத்தின் வாக்கை எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொடுத்ததும் அதே கைகள்தான்: எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமை வழங்கின. அந்த மடத்தில் பேசியதுதான் உங்கள் பாட்டியின் அடையாள அட்டையைத் தீர்மானித்தது.

இனி அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பது. மொத்தம் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து. நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனம், கண்டிக்கு 12, பதுளைக்கு 9. நாம் ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடுகிறோம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முதலில், அதில் யார் என்பது விருப்பு வாக்கில். இதனால் உங்கள் தோட்டத்துக்கென்று 'ஒரு' எம்.பி. கிடையாது. நுவரெலியாவின் எட்டுப் பேருமே உங்கள் எம்.பி.மார்தான். எட்டுப் பேருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள், யார் முந்துகிறார் பார்ப்போம். (முன்பு மேல்சபை என்று செனட் ஒன்றும் இருந்தது, 1971இல் அதை எடுத்துவிட்டார்கள்.)

சபாநாயகர், பிரதிச் சபாநாயகர், குழுக்களின் பிரதித் தவிசாளர் மூவரையும் உறுப்பினர்களே முதல் அமர்வில் தெரிவுசெய்வார்கள். ஆசனங்கள் வெறுமையாகக் கிடக்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுத் திட்டுவது நம்மில் பலருக்குப் பொழுதுபோக்கு. சபை நடக்க 20 பேர் போதும். மற்றவர்களில் சிலர் அந்நேரம் குழு அறையில் இருப்பார்கள், சிலர் கன்டீனில். யார் எங்கே என்று படத்தில் தெரியாது.

வாக்கெடுப்பில் உங்கள் எம்.பி. மனச்சாட்சிப்படி கை தூக்கலாமே என்று கேட்பீர்கள். தூக்கலாம். ஆனால் அரசியலமைப்பில் 99(13)ஆம் உறுப்புரை என்று ஒன்று இருக்கிறது: கட்சி அவரை விலக்கினால், ஒரு மாதத்துக்குப் பிறகு ஆசனமும் போய்விடும், உயர் நீதிமன்றம் போய், விலக்கியது செல்லாது என்று தீர்ப்பு வாங்கினால்தான் தப்பலாம். கொறடா ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று ஆட்கள் சொல்வது இதனால்தான். சாதாரணச் சட்டத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் கூடுதல் பேர் போதும். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர். 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்ததால் அந்த எண்ணிக்கை ஒரே கட்சியிடம் இருக்கிறது. சில உறுப்புரைகளுக்கு அதுவும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும்.

ஜனாதிபதி பெரியவரா பாராளுமன்றம் பெரியதா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் கழுத்தில் மற்றவர் கை. பாராளுமன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு. முதல் இரண்டரை ஆண்டுக்குள் சபையே கேட்டாலன்றி ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாது. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்றாலோ நம்பிக்கையில்லாப் பிரேரணை வென்றாலோ அமைச்சரவை கலைந்துவிடும். இப்போதைக்கு உங்கள் ரோட்டுக்கு இது போதும்.

சட்டமூலங்கள் பற்றி ஒன்று மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும். பிறகு சபையின் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது அன்றைய அலுவல் பட்டியலில், சேரும். அந்த நேரத்தில் சில நாட்கள் மட்டும் ஒரு கதவு திறந்திருக்கும்: எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றம் போய், இது அரசியலமைப்புக்கு முரண் என்று கேட்கலாம். நீங்களும் போகலாம், கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவும் போகலாம். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அது சட்டம். அதன்பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியை விசாரிக்க முடியாது. இந்தியச் செய்தி பார்த்துவிட்டு, சட்டம் வந்தபிறகு வழக்குப் போடலாம் என்று என்னிடம் வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. இங்கே பஸ் போனால் போனதுதான்.

வெளியே தெரியாமல் நல்ல வேலை நடக்கும் இடம் குழுக்கள். கோப் குழு அரசாங்கக் கூட்டுத்தாபனங்களின் கணக்கைத் தோண்டும். ஜனவசம போன்ற அரச தோட்ட நிறுவனங்களின் தலைவரைக் கூப்பிட்டு, ஊழியர் சேமலாப நிதியைக் கட்டினாயா இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்கலாம். 1992இல் கம்பனிகளிடம் போன தோட்டங்களில் அந்தக் கை அவ்வளவு நீளாது. தண்டனை கொடுக்கும் அதிகாரமும் கோப் குழுவுக்கு இல்லை, அறிக்கைதான் வைக்கும். எனக்கு இதைவிடப் பிடித்தது பொது மனுக்கள் பற்றிய குழு. அரச அலுவலகம் ஒன்று உங்களுக்கு அநியாயம் செய்தால், ஓய்வூதியமோ நியமனமோ காணிப் பத்திரமோ எதுவானாலும், தமிழில் மனு எழுதி ஓர் எம்.பி. மூலம் சபையில் சமர்ப்பிக்கச் சொல்லலாம். குழு அந்த அலுவலகத்தின் அதிகாரியை நேரில் கூப்பிட்டு விசாரிக்கும். எம்.பி. அதைச் சமர்ப்பித்தால் போதும், நீண்ட பேச்சுப் பேச வேண்டியதில்லை. உங்கள் ரோட்டுக்கு இது இப்போது பொருந்தாது. உங்கள் நியமனக் கடிதம் இழுபடுகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பொருந்தலாம்.

ரோட்டுக்கு என்ன செய்வது? முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம். ஒரே கேள்வி: இந்தப் பாதை உங்கள் பாதை இடாப்பில் இருக்கிறதா, இல்லையா? கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இடாப்பில் இருந்தால் சபை உறுப்பினரைப் பிடியுங்கள், எம்.பி.யை விடுங்கள். இல்லையென்றால் அது இன்னும் தோட்டத்துப் பாதை. அதைச் சபைக்கு எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும். அந்த இரண்டு கடிதமும் கையில் வந்தபிறகு எட்டு எம்.பி.மாருக்கும் எழுதுங்கள். 'பேசுங்கள்' என்று எழுத வேண்டாம். வாய்மூல விடைக்கான கேள்வியாகப் போடச் சொல்லுங்கள். கேள்வியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், இப்படி:

"பொகவந்தலாவ இன்ன தோட்டத்தின் இன்ன டிவிஷனுக்குச் செல்லும் 3 கிலோமீட்டர் பாதை எந்த நிறுவனத்துக்கு உரியது? அதன் திருத்தத்துக்கு இவ்வாண்டு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா? இல்லையெனில், எந்தத் திகதிக்குள் ஒதுக்கப்படும்? இல்லையெனில், ஏன்?"

கடைசியில் உள்ள 'இல்லையெனில், ஏன்' நம் சபையில் காலங்காலமாகக் கேள்விகளின் வாலில் வரும் சொல். அதை விட்டுவிட வேண்டாம். அமைச்சர் அதற்கு அதிகாரிகளிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டுதான் எழும்ப வேண்டும். எழும்பிச் சொன்னது சபையின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் அச்சாகும். வீடியோவை நாளைக்கு அழித்துவிடலாம், ஹன்சார்டை அழிக்க முடியாது. அதில் ஒரு திகதி வந்துவிட்டால், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து 'ஐயா, இது நீங்கள் சொன்னது' என்று கேட்கலாம். நவம்பருக்கு முன் இந்த வேலை முடிந்தால் நல்லது.

சனிக்கிழமைகளில் ஹட்டன் கந்தோரில் ஒரு மணி வரைக்கும் இருப்பேன். வரும்போது பிரதேச சபையின் பதிலைக் கொண்டு வாருங்கள், பதில் வராவிட்டால் விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள். அப்பாவையும் கூட்டி வரலாம்.